சிக்கமகளூரு மலைகளில் நடக்க: முதல்முறை போகிறவர்களுக்கான வழிகாட்டி

கர்நாடகத்தின் சிக்கமகளூருவுக்குப் போய்வந்தவர்களைக் கேட்டால் ஏழெட்டு இடங்களின் பெயரைச் சொல்வார்கள். ஆனால் அவர்களில் பலர் ஒரு மலையைக்கூட நடந்து ஏறியிருக்க மாட்டார்கள். சிகரத்தின் காலடி வரை சாலை இருப்பதால், வண்டியில் போய் இறங்கி, படம் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவது எளிது. அப்படிப் போனால் இந்த மலைகள் தருவதில் பாதிகூடக் கைக்கு வராது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் காப்பித் தோட்டத்து நிழல், அதற்கு மேலே மடிப்புகளில் ஒளிந்திருக்கும் சோலைக்காடு, உச்சியில் காற்று ஓயாமல் வீசும் புல்வெளி என்று நிலம் மாறிக்கொண்டே போகிறது. இந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள ஒரே வழி நடப்பதுதான்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு உறவும் உண்டு. மூடிகெரே வட்டத்தில் ஜாவளி என்ற ஊருக்கு அருகே பிறக்கிற ஹேமாவதி காவிரியின் துணையாறு. பாபாபுடன் மலையில் பிறக்கிற யகச்சி அந்த ஹேமாவதியில் சேர்கிறது. இந்தச் சரிவுகளில் பெய்யும் மழையின் ஒரு பங்கு டெல்டா வரை வந்து சேர்கிறது. அந்த நினைப்போடு ஏறினால் ஒவ்வொரு ஓடையும் வேறு மாதிரித் தெரியும்.

புதிதாகப் போகிறவர்கள் இடங்களின் பட்டியலிலிருந்து தொடங்கக் கூடாது. முதலில் மாதம், பிறகு தங்குமிடம், பிறகு அனுமதி, கடைசியில்தான் மலை. இந்த வரிசை மாறினால் மூடிய வாயிலின் முன்போ மூடுபனிக்குள்ளோ நாள் போய்விடும்.

மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மேற்கு விளிம்பில், குதிரேமுக், சார்மாடி பக்கம், மழை கொட்டித் தீர்க்கும். கிழக்கே சிக்கமகளூரு நகரம் மலைக்குப் பின்னால் ஒதுங்கியிருப்பதால் அங்கே மழை பல மடங்கு குறைவு. ஒரே மாவட்டத்துக்குள் இத்தனை வேறுபாடு இருப்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நகரத்தில் வெயில் அடிக்கிறது என்பதை நம்பி மேற்கே கிளம்பினால் நனைந்துதான் திரும்ப வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் அருவிகள் நிறைந்திருக்கும். ஆனால் சிகரத்தில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத நாட்களே அதிகம். மண்சரிவு, சாலை அடைப்பு, மாவட்ட நிர்வாகத்தின் திடீர்த் தடை எல்லாம் இந்த மாதங்களில் வழக்கமானவை.

அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி வரை நடப்பதற்கு ஏற்ற காலம். மழையில் வளர்ந்த புல் இன்னும் பச்சையாக இருக்கும், ஓடைகளில் தண்ணீர் இருக்கும், காலை வானம் தெளிந்திருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை அரபிகா வகைக் காப்பியின் அறுவடையும் நடப்பதால் தோட்டங்களில் சிவந்த பழங்களையும் களத்தில் காயும் காப்பியையும் பார்க்கலாம். முதல்முறை போகிறவருக்கு நான் பரிந்துரைப்பது இந்தக் காலத்தைத்தான், அதிலும் வார நாட்களை.

பிப்ரவரிக்குப் பிறகு புல் காய்ந்து மஞ்சளாகிவிடும். ஒரு தீப்பொறி போதும், முழுச் சரிவும் எரியும். அதனால் கோடையில் வனத்துறை பல பாதைகளை மூடிவைக்கிறது. அதில் ஏமாற்றம் கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் மார்ச், ஏப்ரலில் இங்கே வருவதற்கு வேறொரு காரணம் இருக்கிறது: காப்பிப் பூ. கோடையின் முதல் நல்ல மழை பெய்து எட்டுப் பத்து நாட்களில் மொட்டுகள் ஒரே நேரத்தில் விரியும். மல்லிகையை ஒத்த மணம், பனி படிந்தாற்போல் கிளையெங்கும் வெள்ளை. மூன்று நான்கு நாட்களில் எல்லாம் வாடிவிடும். தேதியை முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. தங்கப்போகும் தோட்டத்து வீட்டுக்காரரிடம் ‘மழை பெய்ததும் சொல்லுங்கள்’ என்று கேட்டுவைத்து, செய்தி வந்ததும் கிளம்பத் தயாராக இருப்பதுதான் ஒரே வழி.

டிசம்பரில் தத்தாத்ரேயரின் பிறந்தநாள் விழாவான தத்த ஜெயந்தி வரும். அந்தச் சில நாட்களில் பாபாபுடன்கிரி, முல்லையனகிரிப் பகுதிகளுக்குச் சுற்றுலாப் பயணிகளை அனுமதிக்காமல் காவல்துறை கட்டுப்படுத்துவது வழக்கம். டிக்கெட் எடுப்பதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள்.

எங்கே தங்குவது, எப்படிப் போய்ச் சேருவது

பெங்களூருவிலிருந்து சிக்கமகளூரு ஏறத்தாழ 245 கிலோமீட்டர். அரசுப் பேருந்துகள் இரவும் பகலும் ஓடுகின்றன, ஐந்து ஆறு மணி நேரம் ஆகும். ரயிலை விரும்புகிறவர்கள் பெங்களூரு–ஹூப்ளி தடத்தில் உள்ள கடூர் சந்திப்பில் இறங்கலாம். அங்கிருந்து நகரம் நாற்பது கிலோமீட்டர். கோவை, ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு மைசூரு, ஹாசன் வழியும் வசதி.

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பலர் இணையத்தில் வீட்டின் அழகைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். நீங்கள் ஏறப்போகிற மலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இந்த மாவட்டத்தில் நாற்பது கிலோமீட்டர் என்பது வளைந்து நெளிந்து ஒன்றரை மணி நேரம். முல்லையனகிரி, பாபாபுடன்கிரி, கெம்மண்ணுகுண்டி எல்லாம் நகரத்துக்கு வடக்கே; அவற்றுக்கு நகரமோ அதைச் சுற்றியுள்ள தோட்ட வீடுகளோ போதும். எத்தின புஜ, பல்லாளராயன துர்கா, ராணி ஜரி போன்ற தென்மேற்கு இடங்களுக்கு மூடிகெரே அல்லது கொட்டிகெஹாரா. குதிரேமுக் ஏறுவதற்குக் களசா அல்லது சம்சே. நான்கு நாட்கள் இருந்தால் இரண்டு இரவு வடக்கிலும் ஒன்றிரண்டு இரவு மேற்கிலும் பிரித்துக்கொள்வது நல்லது. ஒரே இடத்தில் தங்கி எல்லாவற்றுக்கும் போய்வர நினைத்தால் நாள் முழுவதும் வண்டியில்தான் கழியும்.

தோட்ட வீடுகளில் தங்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். சுற்றுலாத் துறையில் பதிவு செய்ததா? தோட்டத்துக்குள் நடக்க உடன் வர ஆள் உண்டா? கடைசி மூன்று கிலோமீட்டர் சாலை எப்படி? மூன்றாவது கேள்வி முக்கியமானது. மழையில் சேறாகும் மண்சாலையில் சிறிய கார்கள் ஏறா.

அனுமதி: இதைக் கடைசிக்கு விடாதீர்கள்

2024 தொடக்கத்தில் கர்நாடகத்தின் சில மலைப்பாதைகளில் கட்டுக்கடங்காத கூட்டம் சேர்ந்தது. அதன் பிறகு மாநில வனத்துறை மலையேற்றப் பதிவை ‘ஆரண்ய விஹார’ என்ற தன் இணையதளத்துக்குக் கொண்டுவந்தது. குதிரேமுக் தேசியப் பூங்காவின் பாதைகளும் வேறு பல பாதைகளும் அதில் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஒரு பாதையில் இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. வார இறுதி இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும். பதிவில் கொடுத்த அதே அடையாள அட்டையைக் கையில் கொண்டுபோக வேண்டும். ‘அனுமதி நான் வாங்கித் தருகிறேன், பணம் மட்டும் அனுப்புங்கள்’ என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். நீங்களே பதிவு செய்யலாம், கடினமில்லை.

முல்லையனகிரி, பாபாபுடன்கிரி பக்கம் போகும் வாகனங்களுக்கும் எண்ணிக்கை வரம்பும் முன்பதிவும் வந்திருக்கின்றன. விதிகள் பருவத்துக்கு ஏற்ப மாறுவதால், புறப்படும் வாரத்தில் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்தக் கட்டுப்பாடுகளை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். குறுகிய மலைச்சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு வண்டிகள் நின்றால் அங்கே பயணிகளுக்கும் நன்மையில்லை, மலைக்கும் நன்மையில்லை.

முதல் நாள்: தோட்டத்துக்குள் ஒரு நடை

வந்து சேர்ந்த அன்றே சிகரத்துக்கு ஓடாதீர்கள். மாலையிலோ மறுநாள் காலையிலோ, உரிமையாளரின் அனுமதியோடு, உடன் ஓர் ஆளோடு தோட்டத்துக்குள் நடந்து பாருங்கள். பிற்பாடு மலைமேல் பார்க்கப்போவதற்கெல்லாம் இதுவே அடிப்படை.

இந்தியக் காப்பி பெரும்பாலும் நிழலில் வளர்வது. மேலே பலா, அத்தி, காட்டு மரங்கள். நடுவில் வரிசையாக சில்வர் ஓக், அதன் தண்டில் ஏறிய மிளகுக் கொடி. கீழே இடுப்பளவிலோ தோளளவிலோ கவாத்து செய்த காப்பிச் செடிகள். ஏறத்தாழ ஆயிரம் மீட்டருக்கு மேலே அரபிகா, அதற்குக் கீழே ரொபஸ்டா. வேறுபாட்டை இலையிலேயே காணலாம்: அரபிகாவின் இலை சிறியது, கரும்பச்சை, ரொபஸ்டாவின் இலை அகலமாக, மடிப்பு மடிப்பாக இருக்கும். இந்த நிழல் மரங்கள் இருப்பதால்தான் இங்கே பறவைகள் இத்தனை. விடியற்காலையில் மனிதர் சீட்டியடிப்பது போன்ற குரல் கேட்டால் அது சீகாரப் பூங்குருவி. மரத்தின் உச்சியில் செம்பழுப்பு வால் அசைந்தால் மலை அணில். பழைய உயர்ந்த மரங்கள் விட்டுவைக்கப்பட்ட தோட்டமென்றால் இருவாச்சியையும் எதிர்பார்க்கலாம்.

பாபா புடன் என்ற சூஃபித் துறவி 1670 வாக்கில் ஏமன் நாட்டின் மோக்காவிலிருந்து ஏழு காப்பிக் கொட்டைகளை மறைத்து எடுத்துவந்து இந்த மலையில் விதைத்தார் என்பது மரபுக் கதை. இன்று இந்தியாவின் காப்பியில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு கர்நாடகத்தில் விளைகிறது. சிக்கமகளூரு அரபிகா, பாபாபுடன்கிரி அரபிகா இரண்டும் 2019இல் புவிசார் குறியீடு பெற்றன.

அறுவடைக் காலத்தில் போனால் சில நடைமுறைகளைக் காக்க வேண்டும். பழம் பறிப்பவர்களுக்கு எடைக்கணக்கில் கூலி கிடைக்கும் தோட்டங்கள் உண்டு. அவர்களை நிறுத்திப் படம் எடுத்தால் அவர்கள் நேரம் போகும். கேட்டுவிட்டு எடுங்கள், சுருக்கமாக எடுங்கள். களத்தில் காயும் காப்பியின் மேல் செருப்புக் காலோடு நடக்காதீர்கள். ‘ஒன்றிரண்டுதானே’ என்று பழத்தைப் பறிக்காதீர்கள். தோட்டத்தில் யாராவது ஒரு பழத்தைத் தந்தால் பிதுக்கிச் சுவைத்துப் பாருங்கள். கொட்டையைச் சுற்றியிருக்கும் வழவழப்பான சதை இனிக்கும்.

முல்லையனகிரி: முதல் ஏற்றம்

கர்நாடகத்தின் மிக உயரமான சிகரம், சுமார் 1,930 மீட்டர். முதல்முறை மலையேறுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான மலை இந்த மாவட்டத்தில் இல்லை. நேரம் குறைவு, பாதை தெளிவு, பலன் பெரிது.

சிகரத்தின் கீழ்வரை போகும் தார்ச்சாலையை விட்டுவிடுங்கள். நகரத்திலிருந்து மேலே போகும் வழியில் சர்ப்பதாரி என்ற இடத்தில் நடைபாதை தொடங்குகிறது. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஏற்றம்; நிதானமாகப் போனால் இரண்டு மணி நேரம். தொடக்கத்திலேயே செங்குத்து. பிறகு புல்வெளி முகட்டின் மேல் பாம்புபோல் வளைந்து போகும். நிழல் கிடையாது, குடிநீர் கிடையாது. எனவே காலை ஏழு மணிக்குள் ஏறத் தொடங்குங்கள். ஒன்பது மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் ஒன்றாக வரும். ஊரிலிருந்து ஆட்டோ அல்லது வாடகை வண்டி பேசும்போதே திரும்பி வருவதற்கும் பேசிவிடுங்கள். மேலே வண்டி கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

ஏறும்போது கவனிக்க வேண்டிய ஒன்று: காடு ஏன் எல்லா இடத்திலும் இல்லை? காற்று அறையும் முகடுகளில் புல் மட்டும். இரண்டு சரிவுகள் சேரும் மடிப்புகளில், மண்ணும் ஈரமும் தங்கும் இடத்தில், குட்டையான அடர்ந்த சோலை. இந்தச் சோலையும் புல்லும் சேர்ந்து மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல மெல்லக் கீழே விடுகின்றன. கீழே உள்ள தோட்டத்துக் கிணறும், பழம் கழுவும் தொட்டியும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. மேலே இருக்கும் சோலை போனால் கீழே காப்பியும் நிலைக்காது. ஆகவே பாதையை விட்டு விலகிப் புல்லின் மேல் குறுக்குவழி போடாதீர்கள். ஒரு காலடித் தடம் அடுத்த மழையில் ஓடையாகி மண்ணை அரித்துக்கொண்டு போகும்.

உச்சியில் மதில் சூழ்ந்த சிறிய கோயில். சாலை வழியாக வருகிறவர்கள் சில நூறு படிகள் ஏறி வந்து சேர்வார்கள். எதிரே பிறைவடிவில் வளைந்து கிடப்பது சந்திரதுரோண மலைத்தொடர். அதன் வளைவை முழுதாகப் பார்க்க இந்த உச்சிக்கு நிகரான இடமில்லை. காற்று பலமாக இருக்கும். குழந்தைகளை மதில் மேல் ஏற்றாதீர்கள்.

2022 செப்டம்பர், அக்டோபரில் இந்த மலைத்தொடரில் குறிஞ்சி பூத்துச் சரிவுகள் நீலமாயின. குறிஞ்சியில் பல இனங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பூக்கும் ஆண்டுக்கணக்கு வேறு. ஆகவே இந்த ஆண்டு எங்கே பூக்கும் என்பதை உள்ளூர்க்காரர்களிடம் கேளுங்கள். பூத்த செடி விதை விட்டு மடிந்துவிடும். ஒரு கொத்தைப் பறித்தாலும் அடுத்த தலைமுறையின் விதையைப் பறித்ததாகிவிடும்.

பாபாபுடன்கிரியும் கெம்மண்ணுகுண்டியும்

பாபாபுடன்கிரி சுமார் 1,895 மீட்டர். குகைக்குள் இருக்கும் வழிபாட்டிடத்துக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் வருகிறார்கள். அதன் உரிமை குறித்து நெடுநாள் வழக்கு உண்டு, காவலும் இருக்கும். அங்கே அரசியல் பேசாமல், அமைதியாகப் போய்வருவது நல்லது. அருகில் மாணிக்யதாரா என்ற சிறிய அருவி. மேலே நடந்தால் காலிகெரே என்ற சிறு ஏரி. முல்லையனகிரியிலிருந்து முகட்டின் மேலேயே பாபாபுடன்கிரிக்கு நடக்கும் நீண்ட பாதை மலையேற்றக்காரர்களிடையே பெயர் பெற்றது. அழகான பாதை, மறுப்பதற்கில்லை. ஆனால் பனி இறங்கினால் புல்வெளியில் தடமே தெரியாது. வழிகாட்டியும் வனத்துறை அனுமதியும் இல்லாமல் புதியவர்கள் அதில் இறங்கக் கூடாது.

கெம்மண்ணுகுண்டி 1,434 மீட்டரில் இருக்கிறது. மைசூரு மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் கோடை வாசத்தலம். இப்போது தோட்டக்கலைத் துறையின் பராமரிப்பில். பூங்காவில் நேரத்தைச் செலவழிக்காமல் நேராக ‘இசட் பாயின்ட்’ பாதையைப் பிடியுங்கள். போக முக்கால் மணி நேரம், பெரும்பாலும் மலையின் விலாவில் சமமாகப் போகும் ஒற்றையடிப் பாதை. வழியில் சாந்தி அருவி. கடைசிப் பகுதி மட்டும் குறுகலாக, ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும். மழையன்று அங்கே திரும்பிவிடுங்கள். முதியவர்களோடு போகும் குடும்பங்களுக்கு முல்லையனகிரியைவிட இந்தப் பாதையின் முதல் பாதி பொருத்தமாக இருக்கும்.

ஹெப்பே அருவிக்குச் சொந்த வண்டியில் போக முடியாது. உள்ளூர் ஜீப்தான், உலுக்கி எடுக்கும் பாதை. முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து ஓடைகளைக் கடந்து நடக்க வேண்டும். பெரிய ஹெப்பே, சின்ன ஹெப்பே என்று இரண்டு கட்டமாக 168 மீட்டர் விழுகிறது. செப்டம்பர் கடைசி முதல் டிசம்பர் வரை போகலாம். அருவியின் கீழே பாறை வழுக்கும். குளிக்க அனுமதியில்லை என்று பலகை இருந்தால் இறங்காதீர்கள். மேலே மழை பெய்தால் ஓடையில் தண்ணீர் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஏறும்.

குதிரேமுக்: ஒரு முழு நாள், முழு உடம்பு

முல்லையனகிரியில் கால் வலிக்காமல் இறங்கினீர்கள் என்றால் குதிரேமுக்குக்குத் தயார். 1,894 மீட்டர் சிகரம். தொலைவிலிருந்து பார்த்தால் குதிரையின் முகம்போல் தெரிவதால் இந்தப் பெயர். போக வர ஏறத்தாழ இருபது கிலோமீட்டர், எட்டு ஒன்பது மணி நேரம். பாளகல் என்ற ஊரிலிருந்து முல்லோடி வரை கரடுமுரடான பாதையில் ஜீப். அங்கிருந்து நடை. காலையில் முதல் ஆளாகச் சோதனைச் சாவடியில் நில்லுங்கள். மாலைக்குள் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும், மலையில் இரவு தங்க அனுமதி இல்லை.

முதல் ஒன்றிரண்டு மணி நேரம் காடும் ஓடைகளும் மாறி மாறி வரும். மழைக்குப் பிறகு நான்கைந்து ஓடைகளைக் கால் நனைத்துத்தான் கடக்க வேண்டும். காலணியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவதைவிட நனையவிட்டு நடப்பது பாதுகாப்பானது. ‘ஒண்டி மர’ என்று எல்லோரும் சொல்லும் தனிமரம் வந்ததும் புல்வெளி திறக்கும். அதற்கு மேல் ஏற்றம் செங்குத்தாகும். பகல் பன்னிரண்டரைக்கு உச்சி எட்டவில்லையென்றால், எங்கே இருக்கிறீர்களோ அங்கிருந்து திரும்புங்கள். இந்த விதியை மனதில் எழுதிவைத்துக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் இந்த மலை ஏற்றது. முழங்கால்கள் தளர்வது இறங்கும்போதுதான். அந்த வலிமையை மிச்சம் வைத்திருக்க வேண்டும்.

இந்தக் காட்டின் வரலாற்றையும் தெரிந்துகொண்டு நடங்கள். 1987இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகும் உள்ளே இரும்புத்தாதுச் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தது. நீண்ட மக்கள் போராட்டத்துக்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கும் பிறகு 2005 முடிவில் அது நின்றது. துங்கா, பத்ரா, நேத்ராவதி மூன்றும் பிறக்கும் கங்காமூலா இந்தப் பூங்காவுக்குள் இருக்கிறது. 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மேற்குத்தொடர்ச்சி மலை சேர்ந்தபோது குதிரேமுக்கும் அதில் இடம்பெற்றது. சிங்கவால் குரங்குகள் இன்னும் இங்கே வாழ்கின்றன. அவற்றுக்கு ஒரு வாழைப்பழம்கூடக் கொடுக்காதீர்கள். சாலையோரம் கையேந்தப் பழகிய குரங்கு வண்டியில் அடிபட்டுச் சாகிறது.

குதிரேமுக் சிகரத்துக்கான பதிவில் இடம் கிடைக்கவில்லையென்றால் அதே பூங்காவில் குரிஞ்சால், நேத்ராவதி சிகரம் ஆகிய பாதைகள் இருக்கின்றன. குரிஞ்சால் சிறியது, அரைநாள் போதும்.

தென்மேற்கு விளிம்பு

மூடிகெரே பக்கம் மலை திடீரென முடிந்து, கீழே கடலோரச் சமவெளி தொடங்குகிறது. ராணி ஜரியில் நின்றால் அந்த விளிம்பு காலடியில் தெரியும். தடுப்பு எதுவும் இல்லாத இடங்கள் உண்டு, ஓரத்துக்குப் போகவே போகாதீர்கள். அங்கிருந்து ஹொய்சளர் காலத்துப் பல்லாளராயன துர்கா கோட்டைக்கு ஏறலாம். எத்தின புஜ, எருதின் திமில் வடிவில் நிற்கும் 1,299 மீட்டர் குன்று. பைராபுரத்தின் நாண்ய பைரவேஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து தொடங்கி, கடைசியில் பாறையில் கையூன்றி ஏற வேண்டும். மழையில் அந்தப் பாறை ஆபத்தானது. மற்ற நாட்களில் சிறுவர்களும் மகிழ்ச்சியோடு ஏறிவிடுவார்கள்.

அட்டை, உண்ணி, யானை

இந்த மூன்றையும் தனியாகச் சொல்ல வேண்டும். பல வழிகாட்டிகள் முதலாவதோடு நிறுத்திவிடுகின்றன.

அட்டைக்குப் பயப்படத் தேவையில்லை. ஜூன் முதல் நவம்பர் வரை இருக்கும். முழங்கால் வரை வரும் நெருக்கமான துணி உறையை சாக்ஸின் மேல் அணிந்து, பேன்ட்டை அதற்குள் செருகுங்கள். ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் உப்பு வைத்தால் விழுந்துவிடும், அல்லது நகத்தால் வாய்ப்பக்கத்தை மெல்ல நெம்பி எடுக்கலாம். இரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அது உள்ளே விடுவதால் சிறிது நேரம் இரத்தம் கசியும். கழுவி, அழுத்திக் கட்டினால் போதும்.

உண்ணி அப்படியல்ல. 1957இல் பக்கத்துச் சிவமொக்கா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் சிக்கமகளூருவின் மலைநாட்டு வட்டங்களிலும் வருகிறது. டிசம்பர் முதல் மே வரை அதன் பருவம். பரப்புவது உண்ணி. காய்ந்த சருகுகளின் மேல் உட்காராதீர்கள், படுக்காதீர்கள். காட்டில் இறந்து கிடக்கும் குரங்கின் பக்கம் போகாமல் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். முழுக்கை, முழுக்கால் உடையும் உண்ணி விரட்டும் எண்ணெயும் வேண்டும். திரும்பியதும் சுடுநீரில் குளித்து, உடையைத் தனியே துவைத்து, அக்குள், முழங்காலின் பின்புறம், தலைமுடி ஓரம் என்று உடம்பைச் சோதியுங்கள்.

யானைகள் மூடிகெரே, பேலூர், சக்லேஷ்புரா பகுதித் தோட்டங்களுக்குள் நடமாடுகின்றன. அங்கே யானை தாக்கி உயிரிழந்தவர்களில் தோட்டத் தொழிலாளர்கள் பலர். விடியும் முன்பும் இருட்டிய பிறகும் தோட்டச் சாலையில் நடக்கவே கூடாது. ‘யானை இருக்கிறது’ என்று உள்ளூர்க்காரர் சொன்னால் அந்த நாள் நடை அத்தோடு முடிந்தது, வாதம் செய்யாதீர்கள். காட்டுமாடு எதிர்ப்பட்டாலும் அசையாமல் நின்று, அது நகர்ந்த பிறகு பின்வாங்குங்கள்.

ஏப்ரல், மே, அக்டோபர் பிற்பகல்களில் இடியும் உண்டு. புல்வெளி முகட்டில் நீங்கள்தான் உயரமான பொருள். வானம் கறுத்தால் உடனே இறங்குங்கள், தனிமரத்தின் அடியில் ஒதுங்காதீர்கள்.

பையில் என்ன

நல்ல பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட காலணி, மாற்று சாக்ஸ், மழைச்சட்டை (குடை காற்றில் நிற்காது), ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், தலைவிளக்கு, பழைய துணியில் சுற்றிய உப்பு, ஒரு குப்பைப் பை. பெரிய ஒலிபெருக்கி வேண்டாம். களசா, சம்சே பக்கம் பி.எஸ்.என்.எல். மட்டுமே கிடைக்கும் இடங்கள் உண்டு. வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், ரொக்கமும் வைத்திருங்கள். காலையில் அக்கி ரொட்டி தின்று கிளம்பினால் மதியம் வரை தாங்கும். கொட்டிகெஹாராவில் நீர்தோசையும் கிடைக்கும்.

ஊர் திரும்பும் முன்

நகரத்தில் காப்பி வாரியத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. பழம் கழுவுவதிலிருந்து வறுப்பது வரை வரிசையாகப் பார்க்கலாம். நடந்து முடித்த பிறகு பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். காப்பித்தூள் வாங்கும்போது சிக்கரி எவ்வளவு, வறுத்த தேதி என்ன என்று கேளுங்கள். தேதி சொல்ல முடியாத கடையில் வாங்க வேண்டாம். அரைக்கும் கருவி வீட்டில் இருந்தால் வறுத்த கொட்டையாகவே வாங்குங்கள். மணம் நீண்ட நாள் நிற்கும். தங்கிய தோட்டத்திலேயே விற்றால் அங்கே வாங்குவது மேல்.

வீடு திரும்பி இரண்டு வாரத்துக்குள் கடுமையான காய்ச்சலும் தலைவலியும் வந்தால், மருத்துவரிடம் சிக்கமகளூருக் காட்டில் நடந்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சென்னையிலோ மதுரையிலோ உள்ள மருத்துவருக்குக் குரங்குக் காய்ச்சல் உடனே நினைவுக்கு வராது. நீங்கள் சொன்னால்தான் அதற்கான பரிசோதனைக்கு எழுதித் தருவார்.